சாம்பல் நிற வண்டியின் ஏழாவது படம்

ஏழாவது படத்தில் வண்டியின் கண்ணாடிகள் வியர்த்திருந்தன.

சுஹைப் அதை முதலில் கவனிக்கவில்லை. குளிரில் விறைத்த விரலால் கைபேசித் திரையில் படத்தைப் பெரிதாக்கி, கதவோரம் ஓடிய வெளிச்சக் கோடு பிசிறில்லாமல் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். கோடு நேராக இருந்தது. மூன்று வாரப் பழக்கத்தில் இவ்வளவு நேரான கோடு இதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தில் படத்தை மேலே நகர்த்தியபோதுதான், கறுப்பாக இருக்கவேண்டிய முன்கண்ணாடி, கொதிக்கும் பானை மூடியின் அடிப்புறம்போல வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டான். பக்கக் கண்ணாடிகளும் அப்படியே.

தலையைத் தூக்கி எதிரே நின்ற வண்டியைப் பார்த்தான். கண்ணாடிகள் தெளிவாக, கறுப்பாக இருந்தன. கம்பி வேலிக்கு வெளியே நின்ற ஒற்றை விளக்கு அவற்றில் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

'லென்ஸில் பனி படிந்திருக்கும்' என்று நினைத்து முக்காலியருகே போய், சட்டைப்பையிலிருந்த மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்தான். துணியில் ஈரமே இல்லை.

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. இரவுத் தொழுகை முடிந்து அரைமணி ஆகியிருந்தது. சர்க்கா நகருக்கு வெளியே, சுங்கவரியில்லா வணிக வளாகத்தின் கடைசி வரிசையில் இருந்தது கஸ்ஸானின் யார்டு. அமெரிக்காவில் இடிபட்டு ஏலத்துக்கு வரும் வண்டிகளைக் கன்டெய்னரில் இறக்கி, டிங்கரிங் செய்து, சாயம் அடித்து விற்பது கஸ்ஸானின் தொழில். சுஹைபின் அக்காவைக் கட்டியவன். வண்டிகளைப் படம்பிடித்து விளம்பரம் போடுவது சுஹைபின் வேலை. இதுவரை கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, போன மாதம் கஸ்ஸான் ஒரு புதுக் கேமராவை வாங்கிக் கொடுத்திருந்தான்.

"ராத்திரில எடுறா மாப்ள. பகல்ல எடுத்தா ஒடுக்கெல்லாம் பல்லைக் காட்டுது. ராத்திரில எந்தக் கிழவியும் மணப்பொண்ணுதான்" என்றான்.

முதல் வாரம் எல்லாமே கெட்டுப்போனது. முன்விளக்கைப் போட்டு எடுத்தால் இரண்டு வெள்ளைப் பிழம்புகள், பின்னால் கும்மிருட்டு. விளக்கை அணைத்து எடுத்தால் கரிக்கட்டை. பிறகு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, இருபது வினாடி கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அந்த இருபது வினாடிக்குள் ஒரு பேட்டரிக் குழல்விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் படத்தில் பதியும். கறுப்பு உடை போட்டு நிற்காமல் நடந்தால் நடப்பவன் பதியமாட்டான். நின்றால்தான் ஆபத்து, ஆவிபோல ஒரு உருவம் விழும். ஆளில்லாமல் தனியாக எடுப்பதால், கேமரா தானாகவே ஒரு படம், ஐந்து வினாடி ஓய்வு, மறுபடி ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்திருந்தான். எடுத்த ஒவ்வொரு படமும் உடனுக்குடன் அவன் கைபேசிக்கு வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் சின்ன மணியோசை.

இப்போதும் ஒலித்தது. எட்டாவது படம். அவன் லென்ஸைத் துடைத்துவிட்டு விலகியபின் எடுத்தது. விளக்கோடு யாரும் சுற்றி நடக்காததால் படம் மங்கல். ஆனால் வெண்மை அப்படியே இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. ரனீம்.

"எப்ப வர்ற? மக்லூபா சோத்த தட்டுல கவிழ்க்கவா, சட்டியோடயே வச்சிருக்கவா?"

"இன்னும் ஒரே ஒரு வண்டி, கண்ணு."

"இதத்தான் ஏழு மணிக்கும் சொன்ன. உன் புள்ள பசில உதைக்கிறான். ஆறு மாசத்துலயே இந்த உதை, வெளிய வந்தா உன்னத்தான் முதல்ல உதைப்பான்."

"அரைமணில வந்துடுறேன். கவிழ்த்துடாத, ஆறிடும்."

"வரும்போது தயிர் வாங்கிட்டு வா. மறந்துட்டு வந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

அவன் சிரித்துக்கொண்டே வைத்தான். அவள் குரல் அடங்கியதும் யார்டு முன்னைவிட நிசப்தமாகிவிட்டதுபோல இருந்தது. தூரத்து எண்ணெய் ஆலையின் கந்தக வாடையும், காவல் அறையில் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும், உறைந்த மண்ணின் வாடையும் ஒன்றாகக் கலந்து, காற்றே இல்லாத அந்தக் குளிரில், ஈரத்துணியைப் போல முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசை வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள். எல்லாமே அவன் பக்கம் முகம் பார்க்க நிறுத்தப்பட்டவை. வழக்கமாக அடுத்த யார்டில் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய்களின் சத்தத்தைக் காணோம்.

வாயிலில் இருப்பது அபூ மிஷால் என்ற காவலாளி ஒருவர்தான். சுஹைப் உள்ளே வந்தபோதே எச்சரித்திருந்தார்: "ஒன்பது மணிக்கு கேட்டப் பூட்டிட்டுப் போயிடுவேன், தம்பி. நாளைக்கு வெள்ளி. நீ உள்ள தூங்கிட்டா சனிக்கிழமதான் விடியும் உனக்கு."

மணி எட்டு இருபது.

அந்தச் சாம்பல் நிற வண்டியைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. நாலு கதவு, தோல் இருக்கைகள், வலப்பக்கம் முழுக்கப் புதுத் தகடு. மூன்று மாதமாக நிற்கிறது. பேட்டரியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. பட்டறைக்காரர்கள் ஓட்டுநர் இருக்கைப் பட்டையை மட்டும் மாற்றியதை அவன் பார்த்திருந்தான். பழைய பட்டை யாரோ பல்லால் கடித்துக் கிழித்ததுபோல நூல் நூலாக அறுந்திருந்தது. விளம்பரத்தில் 'லேசான கீறல் மட்டும்' என்று அவன்தான் எழுதினான்.

கஸ்ஸானை அழைத்தான். எதிர்முனையில் கல்யாண வீட்டு மேளச் சத்தம்.

"மச்சான், அந்தச் சாம்பல் வண்டிக்குள்ள தண்ணி கிண்ணி புகுந்திருந்துச்சா? கண்ணாடில ஆவி அடிக்குது."

"எது, அந்தக் கடைசி வண்டியா? அத எவன் எடுக்கச் சொன்னான் உன்ன? முன்வரிசைய எடுன்னுதான சொன்னேன்."

"இன்னைக்குக் கை நல்லா வருது. அதான் இதையும்…"

"தண்ணி இல்லடா, பனி. அங்க ஏதோ மலைப் பள்ளத்துல விழுந்து பதினோரு நாள் பனிக்குள்ள கிடந்துச்சாம். ஏலக் காகிதத்துல போட்டிருந்தான்."

"ஓட்டினவன்?"

மேளச் சத்தம் சற்று விலகியது. பிறகு கஸ்ஸான் குரலைத் தாழ்த்தினான். "உள்ளதான் இருந்திருக்கான். கதவு திறக்கல போல. விடுறா, அவன் வேற நாடு, வேற சாமி. உன் பொண்டாட்டிட்ட சொல்லித் தொலைக்காத, அவ ஊரெல்லாம் சொல்லிடுவா. படத்த எடுத்துட்டுக் கிளம்பு."

அழைப்பு முடிந்தது. மணியோசை. பத்தாவதோ பதினொன்றோ, எண்ணிக்கை தவறியிருந்தது. சுஹைப் படத்தைத் திறந்தான்.

ஓட்டுநர் பக்கத்து வெள்ளைக் கண்ணாடியில் ஒரு இடம் மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை அளவு. வெளியே எட்டிப்பார்க்க ஒருவன் அவசரமாகத் துடைத்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். குழல்விளக்கை அணைத்துக் கீழே வைத்தான். கேமராப் பையைத் தோளில் மாட்டினான். வீட்டுச் சாவி, அவனுடைய பழைய கியா காரின் சாவி எல்லாம் அதில்தான் இருந்தன. ஆனால் கால் நகரவில்லை. காரணம் பயம் அல்ல, வெட்கம். இருபத்தொன்பது வயது. இன்னும் மூன்று மாதத்தில் அப்பன் ஆகப்போகிறவன். கஸ்ஸான் சொன்ன ஒரு கதையைக் கேட்டு ஓடினால் அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுக்கச் சிரிப்பான். உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்தில் வெளிச்சம் பட்டால் கேமரா நம் கண்ணைவிட அதிகமாகப் பார்க்கிறது. உட்புறத்தைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது. அவ்வளவுதான்.

பையைப் பானட் மேல் வைத்துவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தான்.

உள்ளிருந்து வந்தது புழுக்க வாடை இல்லை. நெடுநாள் திறக்காத ஐஸ்பெட்டியின் வாடை. அதற்கடியில், பலநாள் தலைகுளிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமே, அந்த எண்ணெய்ச் சிக்கு வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்தான். இடதுகாலை வெளியே மண்ணில் ஊன்றியபடி, முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்தான். துணி காய்ந்தே இருந்தது. எக்கி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் தொட்டான். காய்ந்தே இருந்தது.

கதவு அவன் காலை மெதுவாக அழுத்தியது.

காற்று இல்லை. தரை மேடும் இல்லை. நெரிசலான பேருந்தில் பின்னாலிருப்பவர் 'கொஞ்சம் உள்ளே போங்க' என்று அழுத்துவதுபோல, கோபமில்லாமல், விடாமல் அழுத்தியது. வலித்தபோது அனிச்சையாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கதவு மூடிக்கொண்டது.

கைப்பிடியை இழுத்தான். அது தளர்ந்துபோன பல்லைப்போல ஆடியது, எதையும் பிடிக்கவில்லை. மறுபக்கம் தாவி அங்கே இழுத்தான். பின்னிருக்கைக்குத் தவழ்ந்து அங்கேயும் இழுத்தான். நான்கும் ஒன்றுபோல ஆடின. ஹாரனை அழுத்தினான். பேட்டரி இல்லாத வண்டி. முதுகைச் சாய்த்து இரண்டு குதிகாலாலும் கண்ணாடியை உதைத்தான். மெத்தையை உதைத்ததுபோல ஒரு சத்தம். இன்னும் ஓங்கி உதைத்தான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மணியோசை.

கைபேசியைப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. பார்த்தான். வெளியிலிருந்து எடுத்த வண்டி. எல்லாக் கண்ணாடிகளும் வெள்ளை. உள்ளே அவன் இருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

நிமிர்ந்து முன்கண்ணாடி வழியே பார்த்தான். முக்காலி. அதன்மேல் கேமராவின் சின்னச் சிவப்புப் பொட்டு. பானட் மேல் பை. மண்ணில் அணைந்து கிடக்கும் குழல்விளக்கு. வேறு யாரும் இல்லை. சிவப்புப் பொட்டு அணைந்தது. ஐந்து வினாடி. மறுபடி எரிந்தது.

மணியோசை. இந்தப் படத்தில் ஓட்டுநர் கதவிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு கிளம்பி, பானட்டைச் சுற்றிப் பாதியில் நின்றது.

வெளியே பார்த்தான். விளக்கு மண்ணில்தான் கிடந்தது. அணைந்துதான் இருந்தது.

மணியோசை. கோடு வண்டியை முழுதாகச் சுற்றியிருந்தது. பிசிறில்லாமல். அவன் போட்டதைவிட நேராக. நடந்தவன் பதியவில்லை.

மணியோசை. இந்தமுறை நடந்தவன் நின்றிருந்தான். வண்டிக்கு முன்னால், கேமராவைப் பார்த்தபடி. கலங்கிய நீரில் தெரிவதுபோல உருவம் பாதி ஊடுருவித் தெரிந்தது. கறுப்புக் கம்பளித் தொப்பி. கறுப்புச் சட்டை. இடதுதோள் சற்றுத் தாழ்ந்த நிலை. சுஹைபின் அம்மா சின்ன வயதிலிருந்து திருத்தப் பார்த்த தோள் அது. முகம் மட்டும் இன்னும் முடியவில்லை. கண் இருந்த இடத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்திருக்கிறது.

சுஹைப் கத்தினான். தன் குரல் தன் தலைக்குள்ளேயே சுற்றிவருவதைக் கேட்டான். மறுபடி வெளியே பார்த்தபோது மண்ணில் விளக்கு இல்லை.

பானட் மேல் பை இல்லை.

முக்காலி இல்லை.

காவல் அறை எண்ணை அழுத்தினான். மூன்றாவது மணியிலேயே எடுத்தார்.

"ஹலோ? யாரு… சுஹைபா?"

"அபூ மிஷால்! வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டேன்! கடைசி வரிசை! கதவு திறக்கல! சீக்கிரம் வாங்க!"

"ஹலோ? பேசு தம்பி. என்ன வெறும் மூச்சு சத்தம் வருது? ஓடிட்டு வர்றியா?"

"அபூ மிஷால், நான் பேசுறது கேக்கலையா? கடவுளே… சாம்பல் வண்டி! சாம்பல் வண்டி!"

அடுப்பின் உறுமல். நாற்காலி நகரும் சத்தம். பிறகு அபூ மிஷாலின் சிரிப்பு, வாயிலிருந்து போனை விலக்கிக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோலத் தள்ளி ஒலித்தது.

"அட, இதோ எதிர்லயே வந்துட்டிருக்க! அப்புறம் எதுக்குய்யா போனு? முடிஞ்சுதா வேலை?"

பதில் வந்தது. சுஹைபின் குரல். தொண்டை சற்றுக் கட்டியிருந்தது.

"முடிஞ்சுது, அபூ மிஷால். ரொம்ப நாளாயிடுச்சு."

"ரெண்டரை மணி நேரம் ரொம்ப நாளா? கஸ்ஸான் உன்ன இன்னும் கசக்கிப் பிழியணும். டீ குடிச்சிட்டுப் போ."

"வேணாம். வீட்டுல சோறு ஆறிடும்."

அழைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் கியாவின் எஞ்சின் இருமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவைதான் பிடிக்கும் அந்த எஞ்சின் முதல் தடவையே பிடித்தது. கேட் சங்கிலி உராய்ந்தது. வேலிக்கு வெளியே இரண்டு பின்விளக்குகள் சிவப்பாகப் போயின. கொஞ்சம் பொறுத்துக் காவல் அறையின் ஜன்னல் இருண்டது. பூட்டு விழும் ஓசை. அபூ மிஷாலின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறி மறைந்தது.

மணி ஒன்பது.

ரனீமை அழைத்தான். எடுத்தாள்.

"வாங்கிட்டியா தயிரு?"

"ரனீம், கேளு. கதவத் திறக்காத. யார் வந்தாலும் திறக்காத. நான்னு சொன்னாலும் திறக்காத."

"ஹலோ? …சுஹைப்?" பின்னணியில் பாத்திரம் வைக்கும் ஓசை. "என்ன மூச்சு விட்டு விளையாடுற? வண்டி ஓட்டும்போது போன் பண்ணாதன்னு எத்தன தடவ சொல்றது. வை."

மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கஸ்ஸானை அழைத்தான். மேளம். "யாருடா மூச்சு விடுறது, காலிப்பய" என்றான் கஸ்ஸான். வைத்துவிட்டான். விரல் மரத்துப்போய் எழுத்துகளைத் தேடித் தேடி 'திறக்காதே' என்று தட்டினான். அனுப்பினான். திரையில் அது ஒரு வெற்றுக் கட்டமாக நின்றது.

யார்டிலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். கடையில் நின்றால் இருபது.

குளிர் கீழிருந்து ஏறியது. முதலில் பாதம். பிறகு முழங்கால். உதைத்தான். குத்தினான். விரல் முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம் கண்ணாடியில் தீற்றலாகப் படிந்தது. இருக்கைப் பட்டையின் இரும்பு நாக்கைப் பிடித்து அடித்தான். அடிக்க அடிக்கச் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் அடிப்பது அவன் கைக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒன்பது இருபத்திரண்டு.

மணியோசை.

கேமராவுக்கும் கைபேசிக்கும் இடையில் முப்பது அடி இருந்தாலே தொடர்பு அறுந்துவிடும். எத்தனையோ தடவை அறுந்திருக்கிறது.

படம் வந்தது.

அவன் வீட்டு வாசல். திறந்த கதவு. ரனீம் ஒரு கையில் கரண்டியுடன், மறுகையைத் தயிருக்காக நீட்டியபடி, ஏதோ திட்டப்போகும் சிரிப்போடு நின்றிருந்தாள்.

மணியோசை.

கூடம். விரித்த சாப்பாட்டு விரிப்பு. பெரிய தட்டில் கவிழ்த்த மக்லூபா, ஆவி பறந்தபடி. ஒரு மூலையில் ரனீமின் தோள். பாதி திரும்பிய முகம். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என்ன இது, சாப்பாட்டு நேரத்தில் கேமராவோடு என்று கேட்கும் புருவம்.

"ரனீம்," என்றான் திரையிடம். "ரனீம். ரனீம்."

மணியோசை.

அவள் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றைப் பொத்தியிருந்தன. கரண்டி தரையில் கிடந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே, அதைப் பிடித்திருந்தவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.